கொட்டகைக் காலில் மூன்று வெட்டு

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் மாட்டாஸ்பத்திரி வேலையில் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "எல்லாத்தையும் எழுதுறீங்கப்பா. அத்தை நம்ம வூட்டு ஹாலுக்குள்ள வராம போனாங்களே, அதை மட்டும் ஏன் எழுத மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரிதான். நான்கைந்து வாரமாக அதைத் தாண்டித் தாண்டி வேறு கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை நல்லவனாகக் காட்டாத கதை என்பதுதான் காரணம். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

பால் காய்ச்சிய அன்று

பெரம்பலூரில் நான் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள். காலையில் முதல் பஸ்ஸிலேயே அக்கா வந்துவிட்டாள்.

அஞ்சலை அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். கல்லங்குறிச்சிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மாமா இறந்த பிறகும் அதே வீட்டில் இரண்டு ஆடுகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். மகன் திருப்பூரில் வேலை செய்கிறான். அன்றைக்கு அவள் கையில் ஒரு மஞ்சள் பை, இடுப்பில் ஒரு பெரிய பரங்கிக்காய். ஆட்டோவுக்குக் கொடுக்க மனம் வராமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

குழாயடியில் கால் கழுவினாள். வலது காலை எடுத்து வாசற்படிக்கு உள்ளே வைத்தாள். அதோடு நின்றுவிட்டாள்.

ஹாலுக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவில் பழைய வேப்பமரத் தூண் ஒன்றை நான் நிறுத்தியிருந்தேன். அதை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். பிறகு நடுவில் ஏதோ ஓர் இடத்தை வெகுநேரம் பார்த்தாள். உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள்.

"உள்ள புழுக்கமா இருக்கு தம்பி" என்றாள். உள்ளே மூன்று மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

மத்தியானம் எல்லாரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மடியில் இலையை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். என் மனைவி போய்க் கூப்பிட்டாள், நான் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. ஆடு கத்தும் என்று சொல்லிச் சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

அந்த வீட்டில் அவளுக்கென்றே ஓர் அறை கட்டியிருந்தேன். வயதான காலத்தில் அவள் எங்களோடு வந்து இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பென்ஷன் பணத்தையெல்லாம் கொட்டி அவ்வளவு பெரிய வீடாகக் கட்டினேன். அந்த அறையை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. உண்மையைச் சொன்னால் கோபம்தான் அதிகம்.

மரம் வந்த வழி

அந்தத் தூணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் தா.பழூர் பக்கம். நெல் விளைகிற பூமி. எங்கள் தெருக்காரர்களுக்கு அதில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. என் அப்பாவும் அம்மாவும் ஊர்ப் பெரிய பண்ணை ஒன்றில் வேலை பார்த்தார்கள். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு மூச்சிரைப்பு. பிறகு வேலைக்குப் போனது அக்கா.

பண்ணை வீட்டுக்குப் பின்னால் நாற்பது மாடு கட்டுகிற ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. எங்கள் ஆட்கள் அதுவரை போகலாம். அதற்கு அப்பால் கிணற்றடி, அதற்கு அப்பால் வீடு. கிணற்றடிக்கு நாங்கள் போனதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பண்ணைக்காரரின் பேரன் சென்னையிலிருந்து எனக்குப் போன் செய்தார். நிலத்தையெல்லாம் விற்றாகிவிட்டது, கொட்டகையையும் பிரிக்கப் போகிறோம், மரம் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டார். அந்தப் பக்கத்து மாட்டுக்கெல்லாம் நான் ஊசி போட்டவன் என்பதால் என் நம்பர் அவரிடம் இருந்தது.

இப்போது பழைய மரத்துக்குத்தான் கிராக்கி. வீட்டுக்குள் உளி படாத மரம், ஆணித் துளை தெரிகிற மரம் வைத்தால்தான் அழகு என்று ஆகிவிட்டது. என் மகள்கூட அப்படிப் படங்களாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அழகு முக்கியமில்லை. நான் நினைத்தது வேறு. எந்தக் கொட்டகைக்கு அப்பால் எங்களை விடவில்லையோ, அந்தக் கொட்டகையையே பிரித்து என் வீட்டு ஹாலில் வைத்துவிட்டால் எப்படி இருக்கும்? அந்த நினைப்பு வந்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லை.

பேரன் நல்ல மனிதர். வாங்க சார் என்று வீட்டுக்குள் கூட்டிப்போய் நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார். நான் காப்பியைக் குடித்துவிட்டு, சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் மரத்தை எடுத்துக்கொண்டேன். பேரம் பேசினால் என் கௌரவம் குறைந்துவிடும் என்று தோன்றியது.

சலீம் பாயின் காந்தம்

மரத்தை லாரியில் ஏற்றிக் குரும்பலூருக்குக் கொண்டு போனேன். அங்கே சலீம் பாய் பட்டறை வைத்திருக்கிறார். முதலில் ஒரு மர மில்லுக்குத்தான் போனேன். பழைய மரம் என்றதும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரே ஒரு ஆணி ஒளிந்திருந்தாலும் வாள் போய்விடும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பாய் மில்லை நம்புகிறவர் இல்லை. ரிப்பேராகிப்போன ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று வைத்திருந்தார். அதில் கயிறு கட்டி ஒவ்வொரு மரத்தின் மேலும் மெல்ல இழுத்துக்கொண்டே போவார். எங்காவது உள்ளே ஆணி இருந்து காந்தம் சுண்டினால் அங்கே சாக்கட்டியால் வட்டம் போடுவார். உத்திரத்திலும் தூண்களிலும் பனஞ்சட்டங்களிலும் இரண்டு படி ஆணி எடுத்தோம். நான்கு மூலையாக அடித்த பழைய காலத்துக் கொல்லுப்பட்டறை ஆணிகள்.

அப்புறம் வாடை. நாற்பது மாட்டின் மூத்திரத்தை அறுபது வருடம் குடித்த மரம். தேய்த்துக் கழுவிச் சித்திரை வெயிலில் ஒரு மாதம் போட்டோம். போய்விட்டது என்று நினைத்தபோது ஒரு மழை பெய்தது. வாடை திரும்பி வந்தது. இன்னொரு மாதம் காய விட்டோம். எனக்கு அந்த வாடை பழகியதுதான். அக்கா வேலையிலிருந்து வந்து என் பக்கத்தில் படுக்கும்போது அவள் தலைமுடியில் அந்த வாடை இருக்கும்.

உத்திரம் இலுப்பை மரம். அதைப் பலகையாக அறுத்துச் சாப்பாட்டு மேஜை செய்தார் பாய். கொட்டகை வாசலில் நின்ற வேப்பங்கால் ஒன்று மட்டும் வைரம் பாய்ந்து சதுரமாக இருந்தது. அதை அப்படியே ஹாலில் தூணாக நிறுத்தலாம் என்றேன். மண்ணில் புதைந்திருந்த அடிப்பாகம் உளுத்துப் போயிருந்தது. அதை அறுத்துத் தள்ளிவிட்டு, ஜெயங்கொண்டத்திலிருந்து முந்திரிக்கொட்டை எண்ணெய் வரவழைத்து அடியில் பூசினார். அந்த எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். கரையான் கிட்டே வராது.

"இதுல மூணு வெட்டு இருக்குதே சார், பட்டி வச்சு அடைச்சிரட்டுமா?" என்று பாய் கேட்டார்.

தூணின் ஒரு விளிம்பில் அரிவாளால் வெட்டிய மூன்று பள்ளங்கள் இருந்தன. முதல் இரண்டும் அருகருகே. மூன்றாவது கொஞ்சம் இடைவெளி விட்டு மேலே. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அடைக்கவே கூடாது, அதுதான் அழகு என்று பதில் வந்தது. சரி, இருக்கட்டும் என்றேன்.

எனக்கு அந்த வெட்டுகள் புதிதில்லை. வேலையில் இருந்த காலத்தில் அதே கொட்டகைக்குச் சினை ஊசி போடப் போயிருக்கிறேன். அந்தத் தூணில்தான் ஜெர்சிப் பசுவைக் கட்டினார்கள். கை கழுவப் போகும்போது தெர்மாமீட்டரை மூன்றாவது வெட்டில் செருகி வைத்துவிட்டுப் போனேன். மாட்டுக் கயிறு வழுக்காமல் இருக்க வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கயிறு கட்டுகிறவன் யாராவது அவ்வளவு உயரத்தில் கட்டுவானா என்று எனக்குத் தோன்றவில்லை. மாட்டைப் பற்றிப் படித்து உத்தியோகம் பார்த்தவனுக்கு அதுகூடத் தோன்றவில்லை.

பூவரசங்கிளை

இங்கே ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்தேன். எங்கள் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு பூவரச மரம். விடிந்ததும் அக்கா அதன் கிளையைப் பிடித்துத் தொங்குவாள். என்னை எதிரே உட்காரவைத்து நூறு வரைக்கும் எண்ணச் சொல்வாள். அவளுக்கு எண்ணத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

தினமும் நூறு எண்ணுவது எனக்கு அலுப்பாக இருக்கும். அறுபதிலிருந்து எண்பதுக்குத் தாவிவிடுவேன். அவள் கண்டுபிடித்ததே இல்லை. நூறு என்றதும் கீழே குதித்து, சிவந்துபோன உள்ளங்கையை ஊதிக்கொள்வாள். பிறகு சுவரோரம் போய் நின்று, "வளந்திருக்கனாடா?" என்று கேட்பாள். நான் பார்க்காமலே வளர்ந்திருக்கிறாய் என்று சொல்வேன். அது விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் வளரவில்லை. எங்கள் குடும்பத்திலேயே அவள்தான் குள்ளம். குள்ளக்கா என்றுதான் நான் கேலி செய்வேன். என் கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போது போட்டோக்காரர் அவள் காலுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்தார். எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது.

கல்லங்குறிச்சியில்

பால் காய்ச்சிய பிறகு மூன்று வாரம் நான் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. அவளாகப் பேசட்டும் என்று முறுக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவிதான், இந்த வயதில் என்ன வீம்பு, உங்களுக்கு இருப்பதே ஒரு அக்கா, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று விரட்டினாள்.

நான் போனது சனிக்கிழமை. கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கல்லங்குறிச்சியில் பெருமாள் கம்பமாகத்தான் நிற்கிறார். நெல்லும் கம்புமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்து அந்தக் கம்பத்தின் முன்னால் கொட்டிவிட்டுப் போவார்கள்.

அக்கா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். நான் உட்காருவதற்கு முன்பே சண்டையை ஆரம்பித்தேன். ஊரெல்லாம் வந்து சாப்பிட்ட வீட்டில் நீ மட்டும் கொல்லையில் உட்கார்ந்து சாப்பிட்டு என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்றேன். அவர்கள் கொட்டகையையே பிரித்து நான் வீட்டுக்குள் வைத்திருக்கிறேன், அதில் உனக்குப் பெருமை இல்லையா என்றும் கேட்டேன்.

அவள் குழையைக் கட்டி முடித்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த வாசக்காலுல மூணு வெட்டு இருக்குதே, அது எதுக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

மாட்டுக் கயிற்றுக்கு என்றேன்.

"ஆளுக்கு" என்றாள்.

அதன் பிறகு அவள் சொன்னதை அவள் குரலிலேயே எழுத எனக்குத் தெம்பில்லை. நானே சொல்கிறேன்.

பண்ணையில் வேலை செய்கிற சிறுவர் சிறுமிகளுக்கு அரை ஆள் கூலி. பெரியவர்களுக்கு முழு ஆள் கூலி. கூலி நெல்லாகத்தான் அளப்பார்கள். யார் முழு ஆள் என்பதை வயதை வைத்துச் சொல்வதில்லை. எங்கள் பிள்ளைகளின் வயது யாருக்குத் தெரியும்? எல்லா ஊரிலும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அதற்கு அந்தத் தூண் இருந்தது. மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசிய பிறகு, பிள்ளைகளை வரிசையாக அந்தத் தூணில் முதுகை ஒட்டி நிற்க வைப்பார் பண்ணையின் காரியக்காரர். தலை வெட்டைத் தொட்டால் அன்றிலிருந்து முழு ஆள்.

அக்கா பத்து வயதில் போனாள். மூன்றாம் பொங்கலுக்கு அவள் தலை முதல் வெட்டைத் தொட்டது. காரியக்காரர் பார்த்தார். களை பிடுங்க இது போதும், நாற்று நட இன்னும் கொஞ்சம் வளரணும் என்று சொல்லி, அரிவாளால் மேலே இன்னொரு வெட்டு வெட்டினார். அதையும் அவள் ஒரு பொங்கலுக்குத் தொட்டாள். நெற்கட்டுத் தூக்க இன்னும் கொஞ்சம் வளரணும் என்றார். மூன்றாவது வெட்டு விழுந்தது. அந்த வருடங்களிலெல்லாம் அவள் பெரிய பெண்களோடு ஒரே வரிசையில் நின்று நாற்று நட்டாள். அவர்கள் தூக்கிய அதே கட்டைத் தூக்கினாள். அளக்கும்போது மட்டும் அரை ஆள்.

மூன்றாவதை அவள் தொடவே இல்லை. ஒரு பொங்கலுக்குத் தலை உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு போனாளாம். காரியக்காரர் சிரித்துக்கொண்டே அரிவாளின் தட்டைப் பக்கத்தை வைத்துக் கொண்டையை அமுக்கிக் காட்டினாராம். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்களாம். பத்தொன்பது வயதில் கல்யாணமாகிப் போகும்வரை அவள் அரை ஆளாகவே இருந்தாள். அந்த அரை ஆள் நெல்லில்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம்.

"நான் வளர வளர அதுவும் வளந்துச்சு தம்பி" என்றாள் அக்கா. வேறெதுவும் அவள் குறையாகச் சொல்லவில்லை.

பூவரசங்கிளை என் நினைவுக்கு வந்தது. அறுபதிலிருந்து எண்பதுக்குத் தாவியதும் நினைவுக்கு வந்தது. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. இதை எழுதும் இன்றுவரை சொல்லவில்லை. அவளுக்கு யாராவது இந்தப் பத்திரிகையைப் படித்துக் காட்டினால் தெரிந்துகொள்ளட்டும்.

நான் செய்த இன்னொரு தப்பு

தூணை எடுத்துவிடுகிறேன், எடுப்பதை நீயே வந்து பார் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். நேராகக் குரும்பலூர் போனேன். தூணைக் கழற்ற எவ்வளவு நேரமாகும் என்று சலீம் பாயிடம் கேட்டேன். பாரம் தாங்குகிற தூண் இல்லை, மேலே நாலு போல்ட், கீழே நாலு போல்ட், அரை மணி நேரம் என்றார். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

பிறகு ஏதோ கணக்குப் பார்த்தவராக, "புதைஞ்சிருந்த அடி மட்டும் இல்ல சார், தரைக்கு மேலயும் ஒரு ஜாண் உளுத்திருந்துச்சு. அதையும் சேத்துத்தான் அறுத்தேன்" என்றார்.

எனக்கு உடனே வேறொன்று புரிந்தது. அப்படியானால் அந்த வெட்டுகளெல்லாம் ஒரு ஜாண் கீழே இறங்கியிருக்கின்றன. வீட்டுக்கு ஓடிப்போய் டேப்பை வைத்து அளந்தேன். மூன்றாவது வெட்டு அக்காவின் உயரத்துக்குச் சரியாக வந்திருந்தது. சொல்லப்போனால் ஒரு விரற்கடை குறைவாகவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ பெரிய நியாயம் நடந்துவிட்டதைப் போல அன்று முழுக்க மனைவியிடம் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

சொன்னபடி தூணைக் கழற்றும் நாளன்று அக்கா வந்தாள். பாய் ஸ்பேனரோடு தயாராக இருந்தார். அவள் வாசற்படிக்கு வெளியேதான் நின்றாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அடி அறுத்தாச்சுக்கா. மூணாவது வெட்டு இப்ப ஒனக்கு எட்டும். வந்து நின்னு பாரேன்" என்றேன்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்னைய மறுபடியும் அதுல போயி நிக்கச் சொல்றியா தம்பி?"

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். அறுபது வருடத்துக்குப் பிறகு அந்தக் காரியக்காரர் சொன்னதையேதான் நானும் சொல்லியிருக்கிறேன். இதில் என் குரலில் அன்பு இருந்தது என்பதெல்லாம் ஒரு சமாதானமா? மன்னித்துக்கொள் அக்கா என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை.

படுக்கப் போட்டது

அவள் கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே உள்ளே வந்தாள். தூணுக்கு முன்னால் நின்றாள். முதுகை ஒட்டி அல்ல, முகத்துக்கு நேராக. கட்டைவிரலை மூன்றாவது வெட்டுக்குள் வைத்து ஒரு முறை தடவினாள். விரலை மூக்கில் வைத்துப் பார்த்தாள். எண்ணெய் வாசம்தான் வந்திருக்கும்.

பாய் மெல்லக் கேட்டார். "என்ன செய்யட்டும் அக்கா? கழட்டிக் கொண்டுட்டுப் போயிடவா? இல்ல, கொல்லையில போட்டு எரிச்சிடலாமா?"

"வேம்பு. நல்லா வைரம் பாஞ்ச மரம். எதுக்கு எரிக்கறது?" என்றாள். சற்று யோசித்தாள். "அது நின்னது போதும். படுக்கப் போடுங்க. நான் அது மேல ஒக்காந்துக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பாய் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். தூண் ஹாலை விட்டு வெளியே போனபோது அவள் ஒரு கையால் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு உதவினாள்.

இரண்டு வாரத்தில் பாய் அதை பெஞ்சாகச் செய்து கொண்டுவந்தார். தூணை நீளவாக்கில் அறுத்து, இரண்டு பாதியையும் பக்கத்துப் பக்கத்தில் சேர்த்து, அதே கொட்டகை வேம்பில் நான்கு கால் கொடுத்திருந்தார். வெட்டுகள் மூன்றும் முன்விளிம்பில் இருந்தன. கை படுகிற இடம் என்பதால் அவற்றின் கூர்மையை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்திருந்தார். அக்காவுக்கென்று கட்டிய அறையில் ஜன்னலோரமாகப் போட்டோம்.

அன்றுதான் அக்கா அந்த அறைக்குள் முதல் தடவையாக வந்தாள். ஜன்னலைத் திறந்து கொல்லையைப் பார்த்தாள். "ஆடு ரெண்டையும் எங்க கட்டறது?" என்று என் மனைவியிடம் கேட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறந்தால் மறுபடியும் ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவேன் என்ற பயம்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் தரையைத் தொடாமல் தொங்கின. "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆயுசு முழுக்க அவள் சொன்ன வார்த்தை அது.

பாய் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லா பெஞ்சுக்கும் ஒன்றரை அடின்னு பழகிட்டேன் அக்கா. அந்த அளவ யாரு வச்சதுன்னே எனக்குத் தெரியாது. எந்திரிங்க" என்றார். அக்காவைத் தன் ஸ்டூலில் உட்கார வைத்தார். தரையில் மண்டியிட்டு, டேப்பை அவள் குதிகாலிலிருந்து முழங்கால்வரை பிடித்து அளந்தார். பென்சிலால் நான்கு காலிலும் கோடு போட்டார். பெஞ்சைக் கவிழ்த்து ரம்பத்தால் அறுத்தார். வேப்பமரத் தூள் அறை முழுக்கப் பறந்தது. கசப்பு வாசம் அடித்தது.

அக்கா உட்கார்ந்து பார்த்தாள். விரல் நுனி மட்டும் தரையில் பட்டது.

"போதுமாக்கா?"

அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். பாயைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

பாய் மறுபடியும் பெஞ்சைக் கவிழ்த்தார். மறுபடியும் கோடு போட்டு அறுத்தார். நிமிர்த்தி வைத்துவிட்டு விலகி நின்றார்.

அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"போதும்" என்றாள்.